அடுப்புக்கும் மூச்சு வேண்டும்

தெருவில் துணி தேய்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய கரி இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெட்டியின் பக்கங்களில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். பல பெட்டிகளில் உள்ளே அடியில் ஓர் ஓட்டைத் தட்டும் இருக்கும். கரித்துண்டுகள் அந்தத் தட்டின் மேல்தான் கனன்று கொண்டிருக்கும். சாம்பல் தட்டுக்குக் கீழே விழுந்துவிடும். தணல் மங்கினால் அவர் பெட்டியை முன்னும் பின்னும் வீசுவார். ஓட்டை வழியே காற்று புகும். தணல் சிவக்கும்.

அந்தத் தட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கரி சாம்பலுக்குள் புதையும். காற்று கிடைக்காது. பாதிக் கரி எரியாமலே அணைந்துவிடும்.

இந்த விஷயம் இஸ்திரிப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டு விறகடுப்புக்குத்தான் தெரியவில்லை.

புனே நகரில் அடுப்பைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அங்கே விறகடுப்பை ‘சூல்’ என்பார்கள். கரி அடுப்பை ‘ஷேக்டி’ என்பார்கள். நாம் குமுட்டி அடுப்பு என்கிறோமே, அதுதான். பழைய வீடுகளில் வெந்நீர் போடுவதற்குச் செம்பினால் செய்த ஒரு பெரிய பாத்திரம் இருக்கும். நடுவில் ஒரு குழாய். குழாயின் அடியில் கரியோ விறகோ எரியும். சுற்றிலும் தண்ணீர். அதை ‘பம்ப்’ என்பார்கள். நம் ஊர் டீக்கடை பாய்லர் மாதிரிதான்.

ஷேக்டியிலும் பம்பிலும் அடியில் ஓர் இரும்புக் கம்பித் தட்டு உண்டு. அங்கே அதன் பெயர் ‘ஜாளி’. ஆனால் மண்ணால் போட்ட பழைய சூலில் ஜாளி கிடையாது. நம் மூன்று கல் அடுப்பிலும் கொடி அடுப்பிலும் கிடையாது. விறகு தரையிலேயே கிடந்து எரிகிறது.

விறகு இரண்டு தடவை எரிகிறது

விறகை அடுப்பில் வைத்தவுடன் அது எரிவதில்லை. முதலில் அதில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகிறது. பிறகு விறகுக்குள் இருந்து ஒருவகை வாயு வெளியே வருகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். வாயு எரியாமல் தப்பித்துப் போனால் அதற்குப் பெயர் புகை. ஆகவே புகை என்பது வீணாய்ப் போன விறகு. காசு கொடுத்து வாங்கிய விறகு கண்ணைக் கரித்துவிட்டுக் கூரை வழியே போகிறது.

வாயு எல்லாம் போன பிறகு மிஞ்சுவது கரி. இந்தக் கரி இரண்டாம் தடவை எரிகிறது. சுவாலை இல்லாமல் தணலாக எரிகிறது. கரியில் சூடு மிக அதிகம். ஒரு கிலோ கரியில் உள்ள சூடு, ஒரு கிலோ விறகில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டுக்கும் காற்று வேண்டும். எவ்வளவு காற்று? ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிவதற்குச் சுமார் 5,000 லிட்டர் காற்று வேண்டும். மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். அப்படி ஐந்து தொட்டி நிறையக் காற்று!

தட்டு இல்லாத அடுப்பில் இந்தக் காற்று எப்படிப் போகும்? அடுப்பின் வாய் வழியாகத்தான் போகவேண்டும். அந்த வாயில்தான் விறகும் நுழைந்திருக்கிறது. போகிற காற்றும் நெருப்பின் மேல்பக்கமாகப் போகிறது. அடியில் கிடக்கும் கரிக்கு எட்டுவதில்லை. அதனால்தான் ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறோம். ஊதும்போது சுவாலை வருகிறது. நிறுத்தினால் புகை வருகிறது.

அடுப்புக்குள் தரையிலிருந்து சற்று உயரத்தில் ஒரு கம்பித் தட்டை வைத்துப் பாருங்கள். விறகின் நுனி தட்டின் மேல் இருக்கும். காற்று தட்டின் கீழே நுழையும். தணலின் ஊடாக மேலே ஏறும். ஏறும்போதே சூடாகும். சூடான காற்று வாயுவோடு கலந்தால் வாயு நன்றாக எரியும். சாம்பல் கீழே உதிரும். கரி மேலேயே நின்று முழுதாக எரியும். ஊத வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது.

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

“என்னடி இது, அடுப்புக்குள்ள இரும்பை வச்சிருக்கே?”

“காத்து போறதுக்கு அத்தை.”

“நாப்பது வருஷமா நான் ஊதுறேன். அந்தக் காத்து போதலையாக்கும்?”

“ஊதி ஊதித்தானே அத்தை உங்களுக்கு இந்த இருமல்!”

மருமகள் சொன்னது சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். பீடி, சிகரெட் பிடிக்காதவர்களுக்கும் நாள்பட்ட மூச்சு நோய் வருகிறது. இதைப் பற்றிப் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சந்தீப் சால்வி 2009இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார். அடுப்புப் புகை இதற்கு ஒரு பெரிய காரணம் என்று காட்டினார். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சமையலறைக் காற்றைக் கருவி வைத்து அளந்தார். சமைக்கும் பெண்களும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளும் எவ்வளவு புகையை உள்ளே இழுக்கிறார்கள் என்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது.

அடுப்பைத் திருத்த வந்தவர்கள்

இந்த முயற்சி நேற்று தொடங்கியது அல்ல. தஞ்சாவூரில் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. காந்தியடிகளோடு சேர்ந்து மகாராஷ்டிரத்தின் வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். அந்தச் சங்கம் இருந்த இடத்தின் பெயர் மகன்வாடி. 1947இல் அங்கே ஒரு புகையில்லா அடுப்பு உருவானது. ‘மகன் சூலா’ என்று அதற்குப் பெயர். 1953இல் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த அடுப்பைப் பற்றி மக்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார்.

பிறகு 1980களில் மத்திய அரசு நாடு முழுவதும் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊரில் ‘புகையில்லா அடுப்பு’ போட்டுத் தந்தார்களே, அது இந்தத் திட்டத்தில்தான். 2002 வாக்கில் திட்டம் முடிந்தது. அதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் போட்டார்கள். பழைய அடுப்பு விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுத்தது. புது அடுப்பு ஐந்தில் ஒரு பங்காவது கொடுக்க வேண்டும் என்பது விதி.

மகாராஷ்டிரத்தில் இந்தத் திட்டத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்தது ‘ஆர்ட்டி’ என்ற நிறுவனம். கிராமத்துக்குப் பொருத்தமான தொழில்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. 1996இல் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆனந்த் கர்வே. இவர் செடிகொடிகளைப் பற்றிப் படித்த விஞ்ஞானி. இவருடைய தாத்தா தோண்டோ கேசவ் கர்வே. கணவனை இழந்த பெண்களுக்காக 1896இல் புனேயில் விடுதி அமைத்து, அவர்களைப் படிக்க வைத்தவர். 1958இல் பாரத ரத்னா விருது பெற்றவர். தாத்தா பெண்களின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். பேரன் அவர்களின் அடுப்பைப் பார்த்தார். ஆனந்த் கர்வேயின் மகள் பிரியதர்ஷினி கர்வே இயற்பியல் படித்தவர். அவரும் அடுப்பு ஆராய்ச்சியில் இறங்கினார்.

புனே மாவட்டத்தைச் சுற்றிலும் கரும்பு அதிகம். கரும்பு வெட்டிய பிறகு வயலில் காய்ந்த சோகை மலைபோல் கிடக்கும். மாடும் தின்னாது. விவசாயிகள் அதற்கு நெருப்பு வைத்துவிடுவார்கள். ஆர்ட்டி அந்தச் சோகையை மூடிய டப்பாக்களில் அடைத்து, வெளியே சூடு காட்டிக் கரியாக்கியது. கரித்தூளைப் பசையோடு பிசைந்து கட்டிகளாகச் செய்தது. இதற்காக 2002இல் இங்கிலாந்தில் ஆஷ்டென் விருது கிடைத்தது.

கரி கிடைத்தது. அதை எதில் எரிப்பது? ‘சராய்’ என்ற பெயரில் ஒரு குக்கர் செய்தார்கள். (சாராயம் அல்ல, சராய்!) அடியில் ஓட்டைத் தட்டு. தட்டில் கரிக்கட்டிகள். மேலே ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு, பருப்பு, காய் வைத்த பாத்திரங்கள். கொஞ்சம் தண்ணீர். அந்த ஆவியில் எல்லாம் வெந்துவிடும். சுற்றிலும் ஓர் உறை இருப்பதால் சூடு வெளியே ஓடாது. ஐந்து பேருக்கான சாப்பாட்டுக்கு 100 கிராம் கரி போதும். 100 கிராம் என்பது ஒரு கைப்பிடி. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சமையல் முடியும். நடுவில் அடுப்பைக் கிளற வேண்டாம், ஊத வேண்டாம்.

இவ்வளவு குறைந்த கரியில் எப்படி முடிகிறது? தட்டின் மேல் இருக்கும் கரி சாம்பலில் புதையாமல் கடைசித் துண்டு வரை எரிகிறது. உறை அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முடியும்.

தட்டு எப்படி இருக்க வேண்டும்?

கம்பிகளுக்கு நடுவே சுண்டுவிரல் பருமன், அதாவது சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதைவிட அகலமாக இருந்தால் கரித்துண்டுகள் கீழே விழுந்து வீணாகும். மிகவும் நெருக்கமாக இருந்தால் சாம்பல் அடைத்துக் கொள்ளும். அப்புறம் தட்டு இருந்தும் இல்லாதது போலத்தான்.

தட்டு தரையிலிருந்து மூன்று விரற்கடை உயரத்திலாவது இருக்க வேண்டும். அந்த இடம்தான் அடுப்பின் மூக்கு. அங்கே சாம்பல் சேர விடக்கூடாது. தினமும் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பு வாரிவிட வேண்டும். நிறையப் பேர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பத்து நாளில் சாம்பல் தட்டை முட்டும். “தட்டு வைத்தும் புகைகிறதே” என்பார்கள். தட்டின் மேல் குற்றம் இல்லை.

இன்னொரு விஷயம் முக்கியமானது. பழைய அடுப்பில் தட்டை வைத்தால் நெருப்பு நாலு விரற்கடை மேலே ஏறிவிடும். பாத்திரத்துக்கு மிக அருகில் வந்துவிடும். வாயு எரிந்து முடிவதற்கு முன்பே சுவாலை பாத்திரத்தின் அடியில் மோதும். மோதினால் சுவாலை குளிர்ந்து புகையாகும், பாத்திரம் கரி பிடிக்கும். விறகுக்குத் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சுமார் 15 சென்டிமீட்டர் வேண்டும். தேவையானால் அடுப்பின் குமிழ்களை மண் வைத்து உயர்த்திக் கொள்ள வேண்டும். கரி அடுப்புக்கு அவ்வளவு தேவையில்லை. கரிக்குச் சுவாலை குறைவு. பாத்திரம் தணலுக்குக் கிட்டத்தில் இருப்பதே நல்லது.

காற்று அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதிதான். குளிர்ந்த காற்று அதிகமாகப் போனால் சூட்டை அடித்துக் கொண்டு போய்விடும். ஷேக்டியில் கீழே ஒரு சின்ன வாசல் இருப்பது இதற்காகத்தான். பருப்பு கொதித்த பிறகு வாசலைப் பாதி மூடினால் தணல் அடங்கி எரியும்.

எந்த இரும்பு? சாதாரணக் கம்பி விலை குறைவு. ஆனால் தினமும் தணலில் கிடந்தால் செதில் செதிலாக உதிரும், வளைந்து போகும். வார்ப்பிரும்பு அதிக நாள் உழைக்கும். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூரிலும் நம் பக்கம் கோயம்புத்தூரிலும் வார்ப்படப் பட்டறைகள் நிறைய உண்டு. வார்ப்பிரும்புத் தட்டு சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, விரிசல் விடும். இரும்பே இல்லாமலும் செய்யலாம். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் ‘ஜிகோ’ என்ற கரி அடுப்பு உண்டு. அதில் சுட்ட மண்ணிலேயே ஓட்டைத் தட்டு செய்கிறார்கள். அங்கே சிறு பட்டறைக்காரர்களும் மண்பாண்டம் செய்பவர்களும் அதைச் செய்து பிழைக்கிறார்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஓட்டையிட்ட இரும்புத் தகட்டை வளைத்துப் பழைய அடுப்புக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். ‘மேவார் அங்கீட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அடுப்பை இடிக்க வேண்டியதே இல்லை. ஏழை வீட்டுக்கு இதுதான் நல்ல யோசனை என்று தோன்றுகிறது.

நல்ல அடுப்பும் ஏன் மூலைக்குப் போனது?

மூன்றரைக் கோடி அடுப்புகள் போட்டார்கள் என்றோம். அவற்றில் பல உடைந்து போயின. பல மூலையில் கிடந்தன. ஒடிசாவில் புகைபோக்கி அடுப்பு வாங்கிய குடும்பங்களைச் சில ஆராய்ச்சியாளர்கள் நான்கு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டு புகை குறைந்தது. அப்புறம் குறையவில்லை. அடுப்பை யாரும் பழுது பார்க்கவில்லை. புகைபோக்கியைத் துடைக்கவில்லை. நாளடைவில் பலர் புது அடுப்பை விட்டுவிட்டார்கள்.

புனேயிலேயே இன்னொரு கதை உண்டு. ‘ஊர்ஜா’ என்று ஓர் அடுப்பு வந்தது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் உருவாக்கியது. புனேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனம் விற்றது. கீழே ஒரு சின்ன மின்விசிறி தட்டின் வழியே காற்றை ஊதும். புகை மிகக் குறைவு. நான்கு லட்சம் அடுப்புகள் வரை விற்றன. ஆனால் அதில் கண்ட விறகைப் போட முடியாது. விவசாயக் கழிவில் செய்த குச்சி உருண்டைகளை விலைக்கு வாங்கித்தான் போட வேண்டும். அந்தக் கழிவைத் தொழிற்சாலைகளும் வாங்கத் தொடங்கின. உருண்டை விலை ஏறியது. வீடுகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. நல்ல அடுப்புத்தான். என்ன செய்வது, அதற்குத் தீனி போட முடியவில்லை.

2016இல் உஜ்வலா திட்டம் வந்தது. பத்துக் கோடிக்கு மேல் கேஸ் இணைப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. கேஸில் புகை இல்லை. கிடைக்கிறவர்கள் அதில் சமைப்பதே நுரையீரலுக்கு நல்லது. ஆனாலும் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கக் காசு சேர வேண்டும். அதுவரை விறகுதான். குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தீவனம், புனேக்காரர்களின் சோள பாக்ரி, எல்லாம் இன்னமும் பல வீடுகளில் விறகில்தான். அந்த அடுப்புக்காவது ஒரு தட்டு இருக்கட்டுமே.

ஓர் எச்சரிக்கை

கம்பித் தட்டு வைத்தால் புகை குறையும். இல்லாமல் போகாது. ஜன்னலோ புகைபோக்கியோ கட்டாயம் வேண்டும்.

கரி அடுப்பில் ஆபத்து இன்னும் அதிகம். கரியில் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் தணலில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. குளிர்காலத்தில் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளைப் பத்திரிகையில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கவே கூடாது. நல்ல தட்டு போட்ட அடுப்பாக இருந்தாலும் கூடாது. அடுப்பின் பக்கத்தில் இருக்கும்போது தலை வலித்தால், சுற்றினால், வாந்தி வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் அவரைத் திறந்த வெளிக்குத் தூக்கி வர வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

தட்டு உண்மையிலேயே விறகை மிச்சப்படுத்துகிறதா? யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நீங்களே பார்க்கலாம். தராசு ஒன்று இரவல் வாங்குங்கள். ஒரே வகைக் காய்ந்த விறகில் இரண்டு கிலோ கட்டு இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீரை முதல் நாள் தட்டு இல்லாமல் கொதிக்க வையுங்கள். மிஞ்சிய விறகை நிறுத்து எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே அளவு தண்ணீரைத் தட்டு வைத்துக் கொதிக்க வையுங்கள். மறுபடி நிறுத்து எழுதுங்கள். இரண்டு நாளும் அடுப்பில் மிஞ்சிய கரியையும் அணைத்து, ஆறிய பிறகு நிறுக்க மறக்காதீர்கள். காற்று வீசுகிற நாளில் கணக்கு தவறும். ஆகவே மூன்று தடவையாவது செய்ய வேண்டும்.

நாளைக்கு ஐந்து கிலோ விறகு எரிக்கும் வீட்டில் ஒரு கிலோ மிச்சமானால் மாதத்துக்கு 30 கிலோ. தலையில் சுமந்து வருபவருக்கு அது ஒரு பெரிய சுமை. விலைக்கு வாங்குபவர் உங்கள் ஊர் விறகுக்கடை விலையால் பெருக்கிக் கொள்ளுங்கள். தட்டின் விலை எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பது நோட்டுப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும்.